எந்த நாட்டில் குடியேறலாம்? தேர்வு செய்வதில் தொடங்கி இறங்கிய முதல் மாதம் வரை

‘குறைந்த செலவில் வசதியாக வாழப் பத்து நாடுகள்’ என்று ஆண்டுதோறும் பட்டியல்கள் வருகின்றன. அவற்றில் வீட்டு வாடகை இருக்கும், காபி விலை இருக்கும், பஸ் கட்டணம் இருக்கும். மூன்று விஷயங்கள் மட்டும் இருக்காது. அந்த நாடு உங்களைத் தங்க விடுமா? உங்கள் வருமானத்தில் எவ்வளவு வரியாகப் போகும்? உடம்புக்கு முடியாமல் போனால் யார் பணம் கட்டுவது? வாடகையில் ஆண்டு முழுக்க மிச்சம் பிடித்ததை இவற்றில் ஒன்று ஒரே மாதத்தில் விழுங்கிவிடும். அதனால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் அனுமதி, அடுத்து வரி, பிறகு மருத்துவம், விலைவாசி கடைசியில். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் உள்ளன. தொகைகள் பெரும்பாலும் 2025 நிலவரப்படி. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தில் மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்

நாடுகளைத் தேடும் முன் இதை முடித்துவிடுங்கள். கையில் இருக்கும் பாஸ்போர்ட், வயது, உடன் வருபவர்கள், அவர்களின் வயது, படிக்கும் பிள்ளைகள், தொடர்ந்து சாப்பிடும் மருந்துகள் (கம்பெனிப் பெயர் வேண்டாம், மூலப்பொருளின் பெயரை எழுதுங்கள்), வளர்ப்புப் பிராணி, ஊரில் வயதான பெற்றோர் இருந்தால் எத்தனை மணி நேரத்தில் திரும்பி வர முடிய வேண்டும் என்பது. இவ்வளவும் ஒரே தாளில் இருக்கட்டும்.

இதில் மிக முக்கியமானது, வருமானத்தின் வகை. தொகையை விட வகைக்குத்தான் குடியேற்ற அலுவலகங்கள் அதிக எடை கொடுக்கின்றன. ஆயுள் முழுக்க வரும் ஓய்வூதியம் ஒரு வகை. வாடகை, வட்டி, டிவிடெண்ட் போல உட்கார்ந்த இடத்தில் வருவது இன்னொரு வகை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்து வாங்கும் சம்பளம் மூன்றாவது வகை. வங்கியில் கிடக்கும் சேமிப்பு நான்காவது. மாதம் 3,000 டாலர் ரிமோட் சம்பளம் வாங்குபவருக்கு மறுக்கப்படும் அனுமதி, 1,000 டாலர் ஓய்வூதியக்காரருக்குக் கிடைக்கலாம். பனாமாவின் ஓய்வூதியர் அனுமதி அப்படிப்பட்டது: ஆயுள்கால ஓய்வூதியம் மாதம் 1,000 டாலர், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 250 டாலர். சேமிப்பில் பல லட்சம் டாலர் வைத்திருந்தாலும், ஓய்வூதியம் இல்லையென்றால் அந்தக் கதவு திறக்காது.

2. தங்க அனுமதி: வடிகட்டல் இங்கேதான்

உங்கள் வருமான வகையோடு பொருந்தும் அனுமதி எந்தெந்த நாட்டில் உண்டு என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு இந்த ஒரு படியிலேயே இருபது நாடுகள் ஐந்தாகக் குறைந்துவிடும். சில மாதிரிகள்:

போர்ச்சுகல், டி7 விசா: உட்கார்ந்த இடத்தில் வரும் வருமானம் உள்ளவர்களுக்கானது. அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம்தான் அளவுகோல். 2025-இல் மாதம் 870 யூரோ. துணைவருக்கு அதில் 50 சதவீதம், பிள்ளை ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம் கூடும். இது வாசல்படித் தொகை மட்டுமே. ஓராண்டுச் செலவுக்கான சேமிப்பும், போர்ச்சுகலில் வரி எண்ணும், வங்கிக் கணக்கும், வீட்டு ஒப்பந்தமும் சேர்த்துக் காட்டினால்தான் விண்ணப்பம் வலுவாக இருக்கும்.

ஸ்பெயின், வேலை செய்யாமல் வசிக்கும் விசா: ஐப்ரெம் என்ற அரசுக் குறியீட்டின் 400 சதவீதம் கேட்கிறார்கள். அது மாதம் 2,400 யூரோ, ஆண்டுக்கு 28,800. உடன் வரும் ஒவ்வொருவருக்கும் மாதம் 600 யூரோ கூடுதல். ரிமோட் வேலையும் இதில் வேலைதான். லேப்டாப்பில் சம்பாதிப்பவர்கள் அதற்கென உள்ள தனி விசாவைப் பார்க்க வேண்டும்.

தாய்லாந்து, ஓய்வுக்கால அனுமதி: 50 வயது ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட் வைப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். ஆண்டு நீட்டிப்புக்கு வைப்புத்தொகை வழியில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பணம் விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பே கணக்கில் இருக்க வேண்டும், கிடைத்த பின் 3 மாதம் தொடக்கூடாது, அதன்பிறகும் 4,00,000-க்குக் கீழே இறங்கக்கூடாது. நடுவில் அவசரத்துக்கு எடுத்துவிட்டு அடுத்த ஆண்டு நீட்டிப்பை இழப்பவர்கள் உண்டு. 50 வயது ஆகாத ரிமோட் ஊழியர்களுக்கு 2024 ஜூலையில் வந்த டிடிவி விசா இருக்கிறது. 5 ஆண்டு செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள், 5,00,000 பாட் சேமிப்பு காட்ட வேண்டும்.

கோஸ்டா ரிகா: ஓய்வூதியம் மாதம் 1,000 டாலர். ஓய்வூதியம் இல்லாதவர்கள் மாதம் 2,500 டாலர் வீதம் 2 ஆண்டுக்கு உறுதியான வருமானம் காட்டலாம்.

மலேசியா, ‘எனது இரண்டாவது இல்லம்’ திட்டம்: 2024-இல் மாற்றியமைத்த விதிப்படி, வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பும், குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு வீடும் வேண்டும். மலேசியா மலிவான நாடு என்ற பேச்சு சரிதான். இந்த வழியாக அதற்குள் போவது மலிவு இல்லை.

ஒவ்வொரு அனுமதிக்கும் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தேடுங்கள்:

- வேலை செய்யலாமா? வெளிநாட்டு நிறுவனத்துக்கு ரிமோட்டில் செய்வது எந்தக் கணக்கில் வரும்?
- புதுப்பிக்க ஆண்டுக்கு எத்தனை நாள் அந்த நாட்டில் இருந்தாக வேண்டும்?
- இந்த ஆண்டுகள் நிரந்தர வசிப்புரிமைக்குக் கணக்கில் சேருமா? டிடிவி போன்றவை சேராது.
- துணைவர், 18 வயது தாண்டிய பிள்ளை, பெற்றோர் ஆகியோரைச் சேர்க்கலாமா? திருமணப் பதிவு இல்லாத துணையை ஏற்பார்களா?
- உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாமா, வெளியிலிருந்து தூதரகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டுமா?

பொறிகள் இரண்டு. முதலாவது, சுற்றுலா விசாவில் போய் எல்லை தாண்டித் தாண்டித் திரும்பி வருவது. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். பிரான்சிலிருந்து இத்தாலிக்குப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது. 2025 அக்டோபரில் தொடங்கிய மின்னணு நுழைவுப் பதிவு இந்த எண்ணிக்கையைத் தானாகவே வைத்துக்கொள்கிறது. அதிக நாள் தங்கிவிட்டால் வரும் அபராதத்தை விட, அடுத்த விசா விண்ணப்பத்தில் அது ஒட்டிக்கொண்டு வருவதுதான் பெரிய சேதம்.

இரண்டாவது, பழைய தகவல். மலேசியத் திட்டத்தின் மாத வருமான வரம்பு 2021-இல் 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000-க்கு ஒரே அடியாக ஏறியது. பிறகு 2024-இல் மறுபடி மாறியது. ஸ்பெயின் முதலீட்டாளர் விசாவை 2025 ஏப்ரல் 3-ஆம் தேதி மூடியது. யாரோ மூன்று ஆண்டுக்கு முன் எடுத்த வீடியோவை நம்பி வீட்டை விற்காதீர்கள். எப்போதும் இரண்டாவது நாடு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

3. வரி: மிச்சம் எவ்வளவு என்பதை இதுதான் சொல்லும்

பல நாடுகளில் ஓர் ஆண்டில் 183 நாள் தங்கினால் வரிக் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள். சில இடங்களில் 180. நாள் குறைவாக இருந்தாலும் குடும்பமும் வீடும் அங்கே இருந்தால் குடியிருப்பாளராகக் கருதும் நாடுகளும் உண்டு. ஆனவுடன் எந்த வருமானத்துக்கு வரி என்பதில் நாடுகள் மூன்று விதம்.

உலகெங்கும் வரும் வருமானத்துக்கு வரி: ஸ்பெயின், போர்ச்சுகல் உட்பட ஐரோப்பாவின் பெரும்பகுதி. ஸ்பெயினில் ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்பின் மீது போடும் வரி தனி. வெளிநாட்டுச் சொத்து ஒரு வகையில் 50,000 யூரோவைத் தாண்டினால் அதைத் தனிப் படிவத்தில் அறிவிக்க வேண்டும்.

உள்நாட்டில் ஈட்டியதற்கு மட்டும் வரி: பனாமா, கோஸ்டா ரிகா, பராகுவே. வெளியிலிருந்து வரும் ஓய்வூதியத்துக்கு அங்கே வரி இல்லை.

உள்ளே கொண்டுவந்தால் வரி: தாய்லாந்து. 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை எந்த ஆண்டில் உள்ளே அனுப்பினாலும், 180 நாள் தங்கிய குடியிருப்பாளருக்கு அது வரிக் கணக்கில் வரும். முன்பு ஓராண்டு தள்ளி அனுப்பித் தப்பிக்கலாம். அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது.

போர்ச்சுகல் பற்றி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ‘பத்தாண்டு வரிச்சலுகை’ புதியவர்களுக்கு 2024-இல் மூடப்பட்டது. அதை வைத்துப் போட்ட பட்ஜெட்டைக் கிழித்துப் போடலாம்.

அடுத்து, நீங்கள் கிளம்பும் நாட்டுக்கும் போகும் நாட்டுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் இருப்பது மட்டும் போதாது. உங்கள் வருமான வகைக்கான பிரிவைத் திறந்து படியுங்கள். அரசு ஓய்வூதியமும் தனியார் ஓய்வூதியமும் பெரும்பாலும் வேறு வேறு பிரிவில் இருக்கும். வாடகை வருமானத்துக்கு வரி போடும் உரிமை பொதுவாக வீடு இருக்கும் நாட்டுக்கே. கிளம்பும் நாட்டின் வரித்துறையிடமும் ‘இனி நான் இங்கே குடியிருப்பாளர் இல்லை’ என்பதை முறைப்படி பதிய வேண்டும். பதியாவிட்டால் இரண்டு பக்கமும் உங்களை உரிமை கொண்டாடும். அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வசித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

இந்த ஒரு படிக்கு மட்டும் காசு கொடுத்து ஆலோசகரைப் பாருங்கள். இரண்டு நாட்டு வரியும் தெரிந்தவராக இருக்க வேண்டும், விசா ஏஜென்டாக இருக்கக்கூடாது. ஒரு மணி நேரக் கட்டணம் கொஞ்சம் உறுத்தும், பரவாயில்லை.

4. மருத்துவம்

புதிதாக வருபவர் அரசு மருத்துவத்தில் முதல் நாளே சேர முடியுமா, தனியார் காப்பீடுதானா என்று பாருங்கள். கோஸ்டா ரிகாவில் வசிப்பு அனுமதி பெற்றவர்கள் ‘காஹா’ என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்து மாதச் சந்தா கட்டுவது கட்டாயம். ஸ்பெயின் விசாவுக்குத் தனியார் காப்பீடு வேண்டும். ஒவ்வொரு முறையும் கையிலிருந்து பங்கு கட்டும் திட்டத்தையும், காத்திருப்புக் காலம் உள்ள திட்டத்தையும் தூதரகம் திருப்பி அனுப்பிவிடும். பயணக் காப்பீட்டை வைத்துக் குடியேற்ற விசா கேட்டு நிராகரிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. பயணக் காப்பீடு அவசரச் சிகிச்சைக்கானது. சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றின் தொடர் சிகிச்சையை அது தொடாது.

காப்பீட்டு நிறுவனங்களிடம் கட்டண விவரம் வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு நிரந்தர விலக்கா, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமா? எந்த வயதுக்குமேல் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள்? 60, 65, 70 வயதில் பிரீமியம் எவ்வளவு? இன்றைய பிரீமியத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் பத்தாண்டில் திணறுவார்கள்.

மருந்துகளைத் தனியே சரிபாருங்கள். கவனக் குறைபாட்டுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமின் உள்ள மருந்துகளை டாக்டர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன் கலந்த வலி மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். முதல் தாளில் மூலப்பொருளின் பெயரை எழுதச் சொன்னது இதற்காகத்தான். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும்.

5. இப்போது விலைவாசி

இணையத்தில் கிடைக்கும் விலை ஒப்பீட்டுத் தளங்களில் பல, பயனர்கள் தாங்களே பதியும் எண்களால் ஆனவை. தலைநகரங்களுக்கு அவை ஓரளவு பரவாயில்லை. சிறு நகரங்களுக்கு ஐந்தாறு பேர் பதிந்ததே சராசரி ஆகிவிடும். வாடகைக்கு அந்த நாட்டு மக்கள் வீடு தேடும் உள்ளூர் மொழித் தளத்தைத் திறந்து, மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு, நீங்கள் நினைக்கும் பகுதியில் ஓராண்டு ஒப்பந்த வீடுகள் இருபதின் வாடகையைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் தொகையை எடுங்கள். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் தளத்தின் விலை இதற்கு உதவாது.

மாதக் கணக்கில் பலர் எழுத மறப்பவை: காப்பீட்டுப் பிரீமியம், ஆண்டு விசாப் புதுப்பிப்பைப் பன்னிரண்டால் வகுத்தது, ஊருக்குப் போய்வரும் விமானக் கட்டணம், பணம் அனுப்பும்போது மாற்று விகிதத்தில் போகும் இழப்பு, குளிரூட்டல் அல்லது வெப்பமூட்டல் மின்கட்டணம், பள்ளிக் கட்டணம். கடைசியில் உள்ளது மற்ற எல்லாவற்றையும் விழுங்கும். சர்வதேசப் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் என்றால் பல ‘மலிவான’ நாடுகள் மலிவில்லாமல் போய்விடும். பிள்ளை பத்து வயதுக்குக் கீழ் என்றால் உள்ளூர் அரசுப் பள்ளியை முதலில் யோசியுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளையைத் தெரியாத மொழியில் தேர்வு எழுத வைப்பது வேறு கதை.

இறங்கும்போது ஒருமுறை மட்டும் வரும் செலவைத் தனியே எழுதுங்கள். வாடகையை 100 என்று வையுங்கள். முதல் மாத வாடகை 100, வைப்புத்தொகை 100 முதல் 300, தரகர் கட்டணம் 100. உள்ளூரில் சம்பளச் சீட்டு இல்லாத வெளிநாட்டவரிடம் சில உரிமையாளர்கள் ஆறு மாதம் அல்லது ஓராண்டு வாடகையை முன்கூட்டியே கேட்பார்கள். அப்படிக் கேட்காவிட்டாலும் வீட்டுக்கு மட்டும் 500 கையில் இல்லாமல் இறங்காதீர்கள். கட்டில், மெத்தை, பாத்திரம், இணைய இணைப்பு ஆகியவை இதற்கு மேல்.

நாணயம் விழுந்துகொண்டிருக்கும் நாடுகள் டாலரில் பார்க்க மலிவாகத் தெரியும். அர்ஜென்டினாவில் 2023-இல் ஆண்டுப் பணவீக்கம் 211 சதவீதம். அப்படிப்பட்ட இடத்தில் வாடகை ஒப்பந்தம் எந்த நாணயத்தில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஏறும் என்பதுதான் கேள்வி. இன்றைய வாடகை எவ்வளவு என்பதற்கு அர்த்தமே இல்லை. எதிர்ப்பக்கம், பனாமாவும் ஈக்வடாரும் அமெரிக்க டாலரிலேயே புழங்குகின்றன. உங்கள் வருமானம் டாலரில் என்றால் நிம்மதி. வேறு நாணயத்தில் என்றால் மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கம் முழுக்க உங்கள் தலையில்தான். கணக்கு முடிந்ததும் உங்கள் வருமானம் 20 சதவீதம் மதிப்பிழந்ததாக வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போதும் தாங்கினால் அந்த நாடு பட்டியலில் இருக்கட்டும்.

6. மோசமான பருவத்தில் போய்த் தங்கிப் பாருங்கள்

எஞ்சிய இரண்டு நாடுகளில், ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு வாரம். எல்லோரும் போகும் அழகான மாதத்தில் போவதில் பயனில்லை. வட தாய்லாந்தின் சியாங் மாயைப் பார்க்க வேண்டுமானால் மார்ச்சில் பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல், காட்டுத் தீப் புகையில் காற்று மிக மோசமாகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது வாழும் இடமா என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். போர்ச்சுகலை ஜனவரியில் பாருங்கள். வெளியே பனி இருக்காது. ஆனால் பழைய வீடுகளில் வெப்பமூட்டும் வசதி இல்லாமல் உள்ளே ஈரக்குளிர் எலும்பைத் தொடும், சுவரில் பூஞ்சை பூக்கும். ஈக்வடாரின் குயென்கா 2,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இதய, நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே போக வேண்டும்.

ஹோட்டலில் தங்காதீர்கள். குடியிருப்புப் பகுதியில் சமையலறையுள்ள வீடு எடுங்கள். போன இடத்தில் செய்ய வேண்டியவை: இரவு 8 மணிக்கு இணைய வேகம் அளப்பது, காலை 7 மணிக்குக் குழாயில் தண்ணீர் வேகம் பார்ப்பது, வீட்டு உரிமையாளரிடம் உச்சப் பருவத்தின் மின்கட்டண ரசீதைக் கேட்பது, ஒரு மருத்துவமனைக்குச் சாதாரணப் பரிசோதனைக்குப் போய் எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எந்த மொழி என்று பார்ப்பது, உங்கள் மருந்து கடையில் கிடைக்கிறதா என்று கேட்பது. ரிமோட் வேலைக்காரர்கள் அலுவலக நேரத்திலேயே வேலை பார்த்துப் பாருங்கள். எட்டு மணி நேர வித்தியாசத்தில் நள்ளிரவுக் கூட்டங்களை முதல் வாரம் தாங்கலாம், மூன்றாவது வாரம்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று. ஒரு நாள் முழுக்க ஆங்கிலம் பேசாமல் கடை, பஸ், அஞ்சலகம் என்று சுற்றி வாருங்கள். எரிச்சல் வந்தால் அது தப்பில்லை. ஆனால் அந்த எரிச்சலோடு ஐந்தாண்டு இருக்க முடியுமா என்று யோசியுங்கள்.

7. ஆவணங்கள்

நாடு முடிவானதும் தூதரகத்தின் பட்டியலை அச்செடுங்கள். ஒரே நாட்டின் இரண்டு தூதரகங்கள் வேறு வேறு பட்டியல் வைத்திருக்கும். உங்கள் வசிப்பிடத்துக்குப் பொறுப்பான தூதரகத்தின் பட்டியல்தான் கணக்கு. பெரும்பாலும் கேட்பவை:

- பாஸ்போர்ட். செல்லும் காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் முதலில் புதுப்பியுங்கள். வசிப்பு அனுமதியைப் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு வெட்டிவிடும் நாடுகள் உண்டு.
- பிறப்பு, திருமணச் சான்றுகள். விவாகரத்து ஆகியிருந்தால் தீர்ப்பு நகல். பிள்ளையை அழைத்துப் போக, உடன் வராத தாய் அல்லது தந்தையின் நோட்டரி ஒப்புதல்.
- காவல்துறை நன்னடத்தைச் சான்று. இப்போது இருக்கும் நாடு மட்டும் போதாது. கடந்த 5 ஆண்டில் வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பது வழக்கம்.
- 6 முதல் 12 மாத வங்கி அறிக்கை, வருமானச் சான்று, வரித் தாக்கல் நகல்.
- மருத்துவச் சான்று, காப்பீட்டுப் பத்திரம், தங்குமிடச் சான்று.

சான்றளிக்கும் வரிசையில்தான் பலர் காசைக் கரைக்கிறார்கள். இரண்டு நாடும் 1961-ஆம் ஆண்டின் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருந்தால், ஆவணத்தின் கையெழுத்து உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே முத்திரை போதும். ஒன்று இல்லையென்றாலும் வெளியுறவுத் துறை, பிறகு தூதரகம் என்று இரண்டு படி ஏற வேண்டும். நேரமும் கட்டணமும் கூடும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் உள்ளே வந்தன. பழைய குறிப்புகள் தவறாக இருக்கலாம். சரியான வரிசை: புதிய சான்று நகல் வாங்குவது, அப்போஸ்டில் போடுவது, அதன்பின் மொழிபெயர்ப்பது. முதலிலேயே மொழிபெயர்த்துவிட்டால் அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், மறுபடி காசு. மொழிபெயர்ப்பாளர் அந்த நாட்டு அரசு அங்கீகரித்தவராக இருக்க வேண்டுமா என்று முன்பே கேளுங்கள்.

சான்றுகளுக்கு ஆயுள் உண்டு. காவல்துறைச் சான்று பொதுவாக 3 முதல் 6 மாதம். முந்திக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிவைத்தால், தூதரகத்தில் தேதி கிடைக்கும்போது காலாவதியாகியிருக்கும்.

பெயர்ப் பொருத்தம் இன்னொரு கண்ணிவெடி. பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், சான்றிதழில் முதலெழுத்து, வங்கியில் வேறு எழுத்துக்கூட்டு என்று இருந்தால் அந்த நாட்டு அதிகாரிக்கு அது மூன்று ஆட்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் பல கணினி அமைப்புகளில் சிக்கும். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். முடியாததற்கு ‘இருவரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் எடுத்து, அதற்கும் அப்போஸ்டில் போடுங்கள்.

8. கால அட்டவணை, பின்னோக்கி

கிளம்பும் நாளிலிருந்து எண்ணுங்கள்.

12 மாதம் முன்: முதல் மூன்று படிகள், பாஸ்போர்ட் புதுப்பிப்பு, பெயர்த் திருத்தங்கள்.

9 மாதம் முன்: சோதனைத் தங்கல். பிராணி இருந்தால் அதன் வேலையும் இப்போதே. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து அங்கே கொண்டுபோக, மைக்ரோசிப் வைத்து வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அதன்பின் 3 மாதம் காத்திருக்க வேண்டும். ஜப்பானுக்கு அந்தக் காத்திருப்பு 180 நாள். மனிதர்களின் விசாவை விட நாயின் விசா கடினம்.

6 மாதம் முன்: வரி ஆலோசனை, காப்பீட்டுக் கட்டண விவரங்கள், தூதரகத்தில் நேரம் பதிவு. சில தூதரகங்களில் நேரம் கிடைப்பதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகும்.

4 மாதம் முன்: காவல்துறைச் சான்று, அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு, விண்ணப்பம்.

விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் வரை வேலையை விடாதீர்கள், வீட்டைக் காலி செய்யாதீர்கள், மாற்ற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

சாமான்கள் பற்றி ஒரு சொல்: பெரும்பாலானவற்றை விற்றுவிடுங்கள். 20 அடி கன்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர் கொள்ளும். அதை நிரப்பும் அளவுக்கு மதிப்புள்ள சாமான் பலரிடம் இல்லை. 110 வோல்ட் நாட்டுக்கும் 230 வோல்ட் நாட்டுக்கும் இடையே மின்சாதனம் கொண்டுபோவது வீண். கொண்டுபோவதாக இருந்தால் சுங்க விலக்கின் நிபந்தனையைப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருள் குறைந்தது 6 மாதம் உங்களிடம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், குடியேறிய 12 மாதத்துக்குள் பொருள் வந்து சேர வேண்டும்.

9. இறங்கிய முதல் மாதம்

விசா என்பது உள்ளே நுழையும் சீட்டு மட்டுமே. வசிப்பு அட்டை தனி. ஸ்பெயினில் நுழைந்த ஒரு மாதத்துக்குள் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மெக்சிகோவில் 30 நாளுக்குள் விசாவை அட்டையாக மாற்றும் வேலையைத் தொடங்க வேண்டும். தாய்லாந்தில் நீங்கள் தங்குவதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும்; தொடர்ந்து தங்கினால் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிக்க வேண்டும். பதிவு செய்ய மறுக்கும் உரிமையாளரின் வீட்டை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், எடுக்காதீர்கள். அவர் வரிக்குப் பயந்து மறுப்பார், அனுமதி போவது உங்களுக்கு.

வங்கிக் கணக்குக்கு முகவரிச் சான்று வேண்டும், வீட்டுக்கு வங்கிக் கணக்கு வேண்டும் என்ற சுழல் பல நாடுகளில் உண்டு. இரண்டு மூன்று நாணயங்களில் இயங்கும் இணையக் கணக்கை முன்பே திறந்து வைத்திருந்தால் முதல் இரண்டு மாதம் ஓட்டலாம். பழைய நாட்டு வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வரும் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்பும் முன் உறுதி செய்யுங்கள். எண் முடங்கினால் உங்கள் பணம் உங்களுக்கே திறக்காது.

முதல் ஆண்டு வீடு வாங்காதீர்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்ககத்தில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் வாங்கலாம். இந்தோனேசியாவில் முழு நில உரிமை குடிமக்களுக்கு மட்டும். ‘உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், சட்டப்படி அது அந்த நண்பரின் வீடு.

சொத்து இருப்பவர்கள் உயிலையும் திருத்த வேண்டும். டென்மார்க், அயர்லாந்து தவிர்த்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், 2015 ஆகஸ்ட் 17 முதல் நேரும் மரணங்களுக்குக் கடைசியாக வசித்த நாட்டின் வாரிசுச் சட்டமே பொருந்தும். உங்கள் குடியுரிமை நாட்டின் சட்டம் வேண்டுமென்றால் அதை உயிலில் எழுதி வைக்க வேண்டும்.

திரும்பும் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள்: குடும்பம் முழுவதற்கும் ஒருவழி டிக்கெட், கிளம்பிய நாட்டில் ஆறு மாத வாடகையும் சாப்பாடும். அனுமதிக்குக் காட்டும் வைப்புத்தொகையை இதோடு சேர்த்து எண்ணாதீர்கள். அவசரத்தில் அதைத் தொட முடியாது.